அரைநிமிஷம் டீச்சர் பார்த்த வேலைகள்

டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. தலைமையாசிரியை நல்லவர், பிள்ளைகள் மரியாதையாக இருந்தார்கள், வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பதினெட்டு வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தார். மணி அடித்த பிறகும் "அரை நிமிஷம், அரை நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே கணக்கை முடித்துவிட்டுத்தான் பலகையை அழிப்பார். அதனால் பிள்ளைகள் அவருக்கு அரைநிமிஷம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் கணவரும் சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒருநாள் உராய்வு பற்றிய பாடம். உராய்வே இல்லாத மண்டபத்தில் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையால் நிற்கவும் முடியாது, தப்பித்து ஓடவும் முடியாது என்று அவர் ஒரு ஜோக் சொல்வது வழக்கம். அன்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் பெஞ்சில் ஒரு பெண்ணின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒரு சொல் பிசகவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அக்கா சொன்னா மிஸ். அவ படிச்சப்பவும் இதே எடத்துல இதே ஜோக்காம்."

வகுப்பு சிரித்தது, டீச்சரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பாடத்தில் எந்த வரியைச் சொன்னாலும், யாரோ கூடவே சொல்வதுபோல் அவர் காதில் விழ ஆரம்பித்தது. கையை உயர்த்துவது, கண்ணாடியைத் துடைப்பது, "புரியுதா இல்ல புரியற மாதிரி இருக்கா" என்று கேட்பது, எல்லாமே பதினெட்டு வருடப் பழசு. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்.

அவருடைய அக்கா ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு நேரிலேயே வந்துவிட்டார். "கைல இருக்கற சோத்தக் கொட்டிட்டு எங்கடி போகப் போற?"

"தெரியல அக்கா."

"தெரியாமயா விட்ட?"

"தெரிஞ்சா விட முடியாதே."

கல்லூரியில் படிக்கும் மகள் இணையத்தில் தேடி ஒரு பட்டியலை அனுப்பினாள். ஆசிரியர் வேலையை விட்டவர்களுக்கு ஏற்ற பதினைந்து வேலைகள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், அதிகம் பேசாதவர். பட்டியலைக் கண்ணருகே வைத்து முழுக்கப் படித்துவிட்டு, "லென்ஸ் தேய்க்கறது இதுல இல்ல, நான் தப்பிச்சேன்" என்றார்.

முதல் வேலை, நான் இருந்த பதிப்பகத்தில். மாணவர்களுக்கான வினாவங்கிப் புத்தகங்கள் போடுகிற இடம் அது. நான் பக்க வடிவமைப்பு செய்பவள், என் பக்கத்து நாற்காலிதான் அவருக்கு. எட்டுப் பேர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மூச்சுக்காட்டாமல் வேலை செய்யும் அறை. பதினெட்டு வருடம் நின்றுகொண்டே பேசியவரைப் பிடித்து உட்காரவைத்து வாயை மூடச் சொன்னால் என்ன ஆகும்? முதல் நாளே பதினோரு தடவை தண்ணீர் குடிக்க எழுந்தார். நான் எண்ணினேன்.

"டீச்சர், நாற்காலியில முள்ளு கிள்ளு இருக்கா?" என்று கேட்டேன்.

"நாற்காலி நல்லாத்தான் இருக்குமா. என்கிட்டதான் ஏதோ இருக்கு."

அப்படித்தான் பழக்கமானோம். இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்தை அடுத்த பதிப்பில் இருபத்தைந்து மீட்டராக மாற்றுவதுதான் அவருடைய வேலை. அதற்கடுத்த பதிப்பில் பந்து கல்லாகும். நான்காவது மாதக் கடைசியில், "இங்க என் ஜோக்குகூட இல்லமா, வெறும் பந்துதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் வாரம் ஒரு தடவை டீ குடிக்க வருவதை நிறுத்தவில்லை. மற்றதெல்லாம் அந்த டீயோடு எனக்குக் கிடைத்தவைதான்.

அடுத்தது, பள்ளிகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் விற்கும் கம்பெனி. தோளில் பையை மாட்டிக்கொண்டு ஊரில் உள்ள அறுபது எழுபது பள்ளிக்கூடங்களுக்கும் அலைந்தார். ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, தண்டனை வாங்கின பிள்ளைகள் நிற்கும் இடத்தில், பெஞ்சில் காத்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் பக்கத்தில் நின்ற சிறுமி, "நீங்க என்ன தப்பு பண்ணீங்க?" என்று ரகசியமாகக் கேட்டாளாம். "வேலைய விட்டுட்டேன்" என்றாராம் இவர்.

மேலதிகாரிக்கு இருபத்தேழு வயது. ஆறாவது வாரம் கூப்பிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "மேடம், நீங்க பேசினா எல்லாரும் நம்பறாங்க. ஆனா நீங்க உண்மையயும் சேத்துச் சொல்லிடறீங்களே. சர்வர் நின்னுபோகுமான்னு கேட்டா, நிக்கும்னா சொல்லுவாங்க?"

"நிக்குதே தம்பி."

அதோடு அந்த வேலையும் போயிற்று. இந்த முறை யார் விட்டது, யார் அனுப்பியது என்று சரியாகச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில். அவரோடு இருப்பது அப்போது சிரமமாக இருந்திருக்க வேண்டும். அலமாரியை இடம் மாற்றினார், மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். மகள் படிக்கும்போது பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். மொட்டை மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்று ஒரு மணி நேரத்தில் நாலு தடவை பார்த்தார். அக்கா தொலைபேசியில், "கழுதை கெட்டா குட்டிச்சுவரு. பழைய ஸ்கூல்லயே போய்க் கேளு" என்றார். டீச்சர் பாதியிலேயே போனை வைத்தார். அக்காவின் போனை அப்படி வைத்தது அதுதான் முதல் தடவை.

கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நீ எங்க போறதுன்னு தேடற மாதிரி எனக்குத் தெரியல. எத விட்டுட்டுக் கிளம்பறதுன்னுதான் தேடற."

டீச்சருக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தை அந்த மனிதரே கத்தரித்து மேசைமேல் வைத்திருந்தார். வயது வரம்பு நாற்பத்தைந்து. டீச்சருக்கு நாற்பத்துநாலு. மகளின் பட்டியலில் இந்த வேலை கிடையாது.

தேர்வில் ஒரு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் பேசியவர் சொன்னதை எழுதினார்கள். டீச்சர் பின்னால் கேட்ட மரம் அறுக்கும் சத்தத்தையும், யாரோ கதவைத் தட்டியதையும் எழுதினார். கடைசி பெஞ்சில் யார் மிட்டாய்க் காகிதம் பிரிக்கிறார்கள் என்று பார்க்காமலே சொல்லும் காது அது. எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் பயிற்சியில் திணறினார். ஷிஃப்ட் தலைவி முன்பு நர்ஸாக இருந்தவர், கறாரானவர். மாதிரி அழைப்பு ஒன்றில், காயத்தை ஏன் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று டீச்சர் அழுத்தம், பரப்பு என்று ஆரம்பித்துவிட்டார். தலைவி நடுவிலேயே நிறுத்தினார்.

"ஏன்னு யாரு கேட்டா?"

"புரிஞ்சா நல்லாச் செய்வாங்கன்னு..."

"அவங்களுக்குப் புரிய வேண்டாம், செய்யணும். நீங்க விளக்கி முடிக்கறதுக்குள்ள ரத்தம் வாசப்படி தாண்டிடும். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு வேலை. அவ்வளவுதான்."

இருபத்திரண்டு வயதுக்காரர்கள் நடுவில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தேறினார்.

வேலையில் சேர்ந்து ஐந்தாவது வாரம், மதியம் மூன்று மணிக்கு ஒரு அழைப்பு. சுமார் ஐம்பது வயது ஆணின் குரல், கத்தல். அண்ணனும் தம்பியுமாக ஒரு புதுக் கட்டடத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள். அண்ணன் நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டார், மூச்சில்லை. கட்டடத்துக்கு இன்னும் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. மேஸ்திரி வண்டியில் கொண்டுவந்து இறக்கியதால் தெருப் பெயரும் தம்பிக்குத் தெரியாது. டீச்சரின் திரை, போன் இருக்கும் இடமாக ஒரு வட்டத்தை மட்டும் காட்டியது. அதற்குள் முந்நூறு கட்டடங்கள் இருக்கும்.

கத்துபவரிடம் கத்தினால் கத்தல்தான் வளரும். டீச்சர் குரலை நன்றாகத் தாழ்த்தினார். அது காதில் விழவேண்டுமென்றால் அந்த மனிதர் அடங்கித்தான் ஆகவேண்டும். அடங்கினார்.

"ஜன்னல் வழியா என்ன தெரியுது?"

"தண்ணித் தொட்டி... ஒரு ஸ்கூலு."

"பேரு படிக்க முடியுதா?"

"பின்பக்கம்தாங்க தெரியுது. பசங்க பந்து விளையாடறாங்க."

"என்ன கலர் சட்டை?"

"பச்சை. மஞ்சள் டை."

மென்பொருள் விற்க அலைந்த நாட்களில் அந்தப் பள்ளியின் பெஞ்சில் அவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மைதானத்துக்குப் பின்னால் இருப்பது ஒரே தெரு. வண்டியை அனுப்பிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தச் சொன்னார். கூடவே எண்ணினார். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கை வலிக்குதுங்க. எடுக்கட்டுமா?"

"எடுக்காதீங்க. என்கூட எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு..."

எட்டு நிமிடம். பிறகு காலடிச் சத்தம், பெட்டி திறக்கும் சத்தம், "நாங்க பாத்துக்கறோம்" என்று வேறொரு குரல். இணைப்பு அறுந்தது. அடுத்த அழைப்பு, மூக்குக்குள் பாசிமணியைப் போட்டுக்கொண்ட ஒரு குழந்தை.

அந்த வேலையின் குணமே அதுதான், முடிவு தெரியாது. பள்ளிக்கூடத்தில் எப்படியும் வருடக் கடைசியில் தேர்வு முடிவு வந்துவிடும். இங்கே ஒரு நாளைக்கு எழுபது கதை, எழுபதும் நடுவில் அறுந்தவை. டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் நேரே அந்தப் புதுக் கட்டடத்துக்குப் போனார். அது விதிப்படி கூடாது.

இரண்டாம் மாடியில் ஒரு சுவர் பாதி வரை நீலமாக இருந்தது. தரையில் கவிழ்ந்த டப்பா, காய்ந்த பெயின்ட். தம்பி அங்கே தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தான் யார் என்று டீச்சர் சொல்லவில்லை. வீடு பார்க்க வந்ததாகச் சொன்னார்.

"இப்ப வேலை நிக்குதும்மா. அண்ணன் ஆஸ்பத்திரில இருக்காரு. உசுரு இருக்கு, கண்ணு முழிக்கல." அவர் கையை மடக்கி நீட்டிக்கொண்டார். "போன்ல ஒரு அம்மா எடுக்காத எடுக்காதன்னு உசுர வாங்கிட்டாங்க. இன்னும் தோள் வலி போகல."

"அவங்க மேல கோவமா?"

அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கிக் கட்டினார். "அண்ணன் முழிச்சாத்தான் தெரியும்" என்றார்.

டீச்சர் தாமாகவே போய்த் தலைவியிடம் இதைச் சொன்னார். தலைவி அறைக் கதவைச் சாத்தினார். "ஒருத்தருக்குப் போனா எழுபது பேருக்கும் போகணும். முடியுமா?"

"முடியாது."

"போய்ப் பாத்தீங்களே, தூக்கம் வந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு?" எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். டீச்சர் கையெழுத்துப் போட்டார். பெயின்டர் கண் விழித்தாரா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

வேலையை விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தார், தேதிகூடக் குறித்து வைத்திருந்தார். அந்த வேலையில் சேர்ந்து இப்போது ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. போன மாதம் அதே தலைவி கூப்பிட்டு, புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களா என்று கேட்டாராம். தனி அறை, பலகை, இருபது நாற்காலி, ஷிஃப்ட் கிடையாது.

"என்ன சொன்னீங்க டீச்சர்?" என்றேன்.

"வாரத்துல ரெண்டு நாள்னா வரேன், மிச்ச நாள் போன்லதான் இருப்பேன்னேன். ஒத்துக்கிட்டாங்க."

"நிம்மதியா இருக்கீங்களா?"

"நிம்மதியா?" டீ ஆறுவதற்குள் இரண்டு தடவை எழுந்து ஜன்னலருகே போய்விட்டு வந்திருந்தார். "நிம்மதியெல்லாம் இல்லமா. ஆனா அடுத்து என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாம ஒரு நாளைக்கு எழுபது தடவ வாயத் தொறக்கறேன். அது போதும் இப்பத்திக்கு."

காலையில் பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நிற்க அவரால் முடிவதில்லை. அடுத்த நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவார். பாதி நாள் பஸ் நடுவழியில் அவரைத் தாண்டிப் போய்விடும். தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாலும், நடப்பதை மட்டும் விடுவதில்லை.