நாலாம் ஹால் தலையாட்டாத மாசம்

1. மைஸ்டர் சொன்ன செய்தி

தொண்ணூற்றாறாம் ஆண்டு, குளிர் தொடங்கிற நேரம். சுவிஸில, எம்மன்புரூக்கேயில அலுமினியச் சாமான் செய்யிற ஒரு பக்டரியில பக்கிங் பகுதியில நிக்கிறன். காலமை ஒன்பது மணி இடைவேளையில எங்களை மேய்க்கிற மைஸ்டர், அதுதான் மேற்பார்வையாளர், கன்ரீன் வாசலில நிண்டு சொன்னார்:

"வாற வருசம் சிப்ட் மாறக்கூடும். ஒரு கிழமை காலமை, ஒரு கிழமை பின்னேரம். எல்லா ஹாலுக்கும்."

சொல்லிப்போட்டுத் தன்ர கோப்பியை எடுத்துக்கொண்டு போயிட்டார். நான் கடிச்ச பாணைத் திருப்பிப் பொட்டலத்துக்குள்ள வைச்சன்.

ஏனெண்டு சொல்லுறன். எனக்கு எப்பவும் காலமை சிப்ட்தான். மத்தியானம் வேலை முடிஞ்சு ஓடிவந்தா, பஸ் நிக்கிற இடத்தில என்ர மனுசி றெஜினா கைக்குழந்தையோட நிப்பா. பிள்ளையை என்ர கையில தந்திட்டு, லுத்சேர்னில கந்தோர் கிளீனிங்குக்கு அதே பஸ்ஸில ஏறுவா. பஸ் நிண்டு கிளம்பிறதுக்கிடையிலதான் எங்கட குடும்பக் கதை முழுக்க. "பால் காய்ச்சி வைச்சிருக்கு", "இருமுறாள், பாத்துக்கொள்ளுங்கோ". அவ்வளவுதான்.

எனக்குப் பின்னேர சிப்ட் வந்தா அவவின்ர வேலை போகும். நாங்கள் எஃப் விசாவில, தற்காலிகமா இருக்க விடுற விசாவில, இருந்தனாங்கள். அரசாங்கத்தின்ர சோசியல் உதவிக் காசில்லாமல் சொந்தச் சம்பளத்தில நிக்கிறம் எண்டு காட்டினாத்தான் அதைவிட உறுதியான பி விசாவுக்கு எழுதிப் பார்க்கலாம். என்ர ஒரு சம்பளத்தில அது நடக்காது. என்ர நிலைமையில எங்கட பக்கிங் ஹாலில கனபேர்.

2. ஹாலுக்கு ஒரு வாக்கு

சிப்ட் விசயம் முதலாளிமாரோட பேசிறது தொழிலாளர் கொமிசியோன் எண்ட குழு. அதுக்குத் தலைவர் தெரிவு அந்த மாசம்தான். எங்கட பக்டரியில ஒரு வேடிக்கையான முறை இருந்தது. அஞ்சு ஹால், ஹாலுக்கு ஒரு வாக்கு. ஹாலுக்குள்ள ஆருக்குக் கூட விழுதோ, அந்த ஹாலின்ர வாக்கு முழுசா அவருக்கு. பாஸ்போட் என்ன நிறம் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. ஊரை விட்டு வந்த பிறகு எங்களுக்குக் கிடைச்ச முதல் வோட்டு அது. என்ர நெஞ்சு ஒரு சுத்துப் பெருத்துத்தான் இருந்தது.

நிண்டது ரெண்டு பேர். உருக்கிற ஹால் அல்டோ, இத்தாலிக்காரன், கண்டால் தோளில கை போடுவான். மற்றவர் ரூடி, சுவிஸ்காரர், மெசின் திருத்திற பகுதி, சிரிக்கக் காசு கேக்கிற முகம். அல்டோ சொன்னான், "சிப்ட் மாறவே விடமாட்டன்." ரூடி சொன்னார், "எல்லாருக்கும் மாறட்டும், எல்லாருக்கும் அலவன்ஸ் காசு கூடும்." ரெண்டு ஹால் அல்டோவுக்கு உறுதி, ரெண்டு ரூடிக்கு உறுதி. மிச்சம் நாலாம் ஹால், பக்கிங். தமிழர்தான் கூட.

ரெண்டு பேரும் ஒவ்வொரு தரம் வந்தினம். "என்னோடதானே நிக்கிறியள்?" எண்டு கேட்டினம். முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்லத் தெரியாத ஆக்கள் நாங்கள். அல்டோவுக்கும் தலையாட்டினம், ரூடிக்கும் தலையாட்டினம். ரெண்டு பேரும் நாலாம் ஹால் தன்ர எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு போயிட்டினம். பிறகு எங்கட பக்கம் ஒரு குருவியும் வரேல்லை.

3. ஜெரி வைச்ச உப்புக் குப்பி

அந்த நேரம் புது பக்கிங் மெசின் பூட்ட அமெரிக்காவிலயிருந்து ஜெரி எண்டொரு பிற்றர் வந்து நிண்டவன். ஜேர்மன் தெரியாது. என்ர பள்ளிக்கூட இங்கிலீசை நம்பி எங்கட மேசையிலதான் சாப்பிடுவான். அங்கயும் அந்த வருசம் ஜனாதிபதித் தேர்தல்.

"எங்கட ஒஹாயோவுக்கு ரெண்டு கட்சிப் பெரியாக்களும் மாறி மாறி வாறாங்கள்," எண்டான். "என்ர மாமியின்ர சாப்பாட்டுக் கடையிலயே வந்து சாப்பிட்டிட்டுப் போனவங்கள்."

"ஏன், சாப்பாடு அவ்வளவு ருசியோ?"

"சீ! மாமியின்ர சமையலை நாயும் முகராது." உப்புக் குப்பியை மேசை நடுவில வைச்சான். "இது ஒஹாயோ. பக்கத்தில இண்டியானா. அவங்கள் ஆருக்குப் போடுவாங்கள் எண்டு முதலே எல்லாருக்கும் தெரியும். அங்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கிறேல்லை. ஒரு மாநிலத்தில மற்றவரை விட ஒரேயொரு வோட்டுக் கூட எடுத்தாலும் அந்த மாநிலம் முழுக்க அவருக்கு. எங்கட ஆக்கள் கடைசி மட்டும் வாய் திறக்கமாட்டினம். அதுதான் வாறாங்கள்."

எனக்கு மண்டைக்குள்ள லைட் பத்தினது. அட கோதாரி, இது எங்கட பக்டரிக் கணக்கெல்லோ! நாங்கள் ஒஹாயோ. தலையை ஆட்டி ஆட்டி எங்களை நாங்களே இண்டியானா ஆக்கி வைச்சிருக்கிறம். மதில்மேல் பூனை எண்டு ஊரில திட்டுவினம். ஜெரியின்ர ஊரில அந்தப் பூனைக்குத்தான் பால்.

அண்டைக்கே எங்கட ஆக்களிட்டச் சொன்னன்: "ஆர் வந்து கேட்டாலும் தலையாட்டாதேங்கோ. 'யோசிச்சுச் சொல்லுறம்' எண்டு மட்டும் சொல்லுங்கோ."

ஐயோ, அது லேசான வேலையோ? கழுத்து தன்பாட்டில ஆடுது. ஒருத்தர் ரூடியைக் கண்டோண்ண நாடியைக் கையால பிடிச்சுக்கொண்டு நிண்டார். பல்லுவலியோ எண்டு ரூடி கேட்டவராம்.

4. தேவி அக்காவின்ர கேள்வி

மூண்டே நாளில அல்டோ கேக்கோட வந்தான். அடுத்த நாள் ரூடி ஒரு பை நிறைய கிப்பெலி பணிசோட. நான் மிதப்பில நிண்டன். காலமை சிப்டைக் காப்பாத்திற அல்டோவுக்கே எல்லாரும் போடுவம் எண்டு சொல்ல வாய் திறந்தன்.

"பொறும் தம்பி," எண்டா தேவி அக்கா. கலியாணம் கட்டாதவ, ஊரில தங்கச்சிமாருக்குக் காசு அனுப்புறவ. "உமக்குக் காலமை வேணும், சரி. எனக்கு அந்த அலவன்ஸ் காசு வேணும். என்னை மாதிரி இஞ்ச எத்தினை பேர்? உமக்காக நான் ஏன் அல்டோவுக்குப் போடோணும்?"

எனக்கு முகம் சிவந்திட்டுது. ஆனா அவ கேட்டது ஞாயம். அவவும் அவவோட நிக்கிற ஆக்களும் மற்றப் பக்கம் போட்டா ஹாலே ரூடிக்கு. பிறகு எல்லாருக்கும் சிப்ட் மாறும், என்ர மனுசி வீட்டில.

"அப்ப என்ன செய்வம் அக்கா?"

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ரெண்டையும் கேளுமன். விரும்பினவை காலமையோட நிக்கட்டும், விரும்பினவை மாறட்டும்."

முதலில அல்டோவைக் கேட்டன். "அமீக்கோ, அது ஏலாது. எல்லாருக்கும் ஒண்டுதான்," எண்டு தோளில தட்டினான். ரூடியைக் கேட்டன். அவர் சிரிக்கேல்லை, தட்டேல்லை. "யோசிச்சுச் சொல்லுறன்," எண்டார். அடுத்த நாள் கன்ரீனில எல்லாருக்கும் முன்னால எழும்பி, "நாலாம் ஹால் கேட்டது செய்யலாம். நான் வெண்டால் அதைத்தான் பேசுவன்," எண்டார்.

சிரிச்ச முகத்தை விட்டிட்டுச் சிரிக்காத முகத்துக்குப் போட எனக்குச் சங்கடமாத்தான் இருந்தது. ஆனாலும் போட்டன்.

5. பஸ் கண்ணாடி

வெள்ளிக்கிழமை எங்கட சிப்ட் முடியிற நேரம் எண்ணி அறிவிச்சினம். ரெண்டுக்கு ரெண்டு சமன். நாலாம் ஹாலில கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில ரூடி. அந்தக் கொஞ்சம் தேவி அக்காவின்ர பக்கத்து ஆக்கள்தான்.

அல்டோ வந்தான். "என்னட்டச் சொல்லியிருக்கலாமே, அந்தோனி."

"கேட்டனான் அல்டோ. நீதான் ஏலாது எண்டனீ."

கொஞ்சம் யோசிச்சிட்டுக் கை தந்தான். நல்ல மனுசன். ரூடியும் சொன்னபடி பேசினார். புது வருசச் சிப்ட் பிளானில காலமை ஆக்கள் வேற, மாறிற ஆக்கள் வேற. தேவி அக்காவுக்கு அலவன்ஸ், எனக்குக் காலமை.

இளம் ஆக்களுக்குச் சொல்லுறன். இப்ப உங்களிட்டச் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் இருக்கு, வோட்டுக் கவர் வீட்டுக்கே வருது. முதலே ஓம் எண்டவனை ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்கள். கேக்கிறதைக் கேட்டு, பதிலைக் கேட்டு, பிறகு போடுங்கோ. உங்களோட நிக்கிறவளுக்கு என்ன வேணும் எண்டும் கேளுங்கோ. நான் அதைத் தேவி அக்காவிட்டப் படிச்சனான்.

அந்த வெள்ளிக்கிழமை அல்டோவோட கதைச்சதில சுணங்கிப்போச்சு. ஓட்டமா ஓடி வந்தன். பஸ் வந்து நிக்குது. றெஜினா பிள்ளையை என்ர கையில திணிச்சிட்டுப் பாய்ஞ்சு ஏறினா. கதவு பூட்டியிட்டுது. கண்ணாடிக்கு அங்கால நிண்டு என்னைப் பார்த்து நாடியை மட்டும் உயர்த்தினா: வோட்டு என்ன மாதிரி?

அந்த மாசம் முழுக்கத் தலையாட்டாதேங்கோ எண்டு ஊருக்கெல்லாம் சொல்லித் திரிஞ்ச நான், பஸ் வளைவில மறையும் மட்டும் தலையை ஆட்டினன், ஆட்டினன், அப்பிடி ஆட்டினன். தோளில கிடந்த மகளும் என்னைப் பார்த்துத் தானும் ஆட்டினாள்.