பொட்டு வைத்த டின்

எங்கள் வீட்டுச் சமையலறையில் பொட்டு வைத்த டின் ஒன்று இருக்கிறது. வட்டமான அலுமினிய கேக் டின். ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருக்கும். விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் நகத்தின் அளவில், சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. அதை வைத்தது நான் இல்லை. என் கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி. அவள் நாமக்கல்லை விட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. தேய்த்துத் தேய்த்துப் பொட்டும் பாதி அழிந்துபோனது. ஆனாலும் டின்னைக் கையில் எடுக்கிறபோதெல்லாம் என் கண் முதலில் போவது அங்கேதான். பார்த்ததும் வயிற்றுக்குள் சின்னதாக ஓர் எரிச்சல் கிளம்பும். இந்த வயதிலுமா என்று கேட்டால், ஆமாம், இந்த வயதிலும்தான்.

நான் கேக் செய்கிறவள். சேலத்தில் ஒரு அம்மாளிடம் முறையாகக் கற்றுக்கொண்டு வந்து, வீட்டிலேயே ஓவன் வைத்துத் தொழிலாகச் செய்தேன். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். என் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார்கள். அதனால் லாரி உருவத்தில் கேக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். முன்கண்ணாடி, பம்பர், பின்பக்கம் எழுதும் வாசகம் வரைக்கும் கிரீமிலேயே கொண்டுவந்துவிடுவேன். வெட்ட மனசு வரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார்கள். எனக்கு அதில் தலைக்கனம் இருந்தது. இருக்கக் கூடாதா என்ன? ஓரகத்தி கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு முட்டையை உடைத்து ஊற்றக்கூடச் சரியாக வராது, ஓடும் சேர்ந்து விழும். வாழப்பாடிக்காரி. எங்கள் பக்கத்து ‘ங்க’ அவள் வாயில் ஒட்டவே இல்லை. எங்கள் இரண்டு வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. புறக்கடையும் தண்ணீர்த் தொட்டியும் இரண்டு வீட்டுக்கும் பொது.

என் மகளுக்கு ஏழு வயது நடந்தபோதுதான் அந்த நோய் தெரியவந்தது. எது தின்றாலும் வயிறு உப்பிக்கொள்ளும், வளர்த்தியே இல்லை. வகுப்பில் எல்லாரையும்விடக் குட்டையாக முன்வரிசையில் நிற்பாள். சேலத்தில் டாக்டர் பரிசோதனையெல்லாம் முடித்து, கோதுமையில் இருக்கும் குளூட்டன் இவள் குடலுக்கு ஆகாது, ஆயுசுக்கும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மைதாவும் கோதுமைதான், ரவையும் கோதுமைதான், சேமியாவும் கோதுமைதான் என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருநாள் என் மாமியாரே பேத்திக்கு ரவா உப்புமா கிண்டிக் கொடுத்துவிட்டு, “கோதும ஆவாதுன்னுதான சொன்னாங்க, இது ரவைதான சாமி” என்றார். உப்புமாவை நிறுத்தினால் போதும். ஆனால் என் சமையலறையை என்ன செய்வது? அலமாரி, தரை, மிக்ஸி, என் சேலைத் தலைப்பு வரை மைதா. காற்றில் பறக்கிற மாவுகூட ஆகாது என்றார் டாக்டர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கேக் செய்கிற கையால் நான் பெற்ற பிள்ளைக்கு ஒரு துண்டு கொடுக்க முடியவில்லை. கேழ்வரகில் ஒன்றிரண்டு முறை முயன்றேன். செங்கல் போல வந்தது. அவள் அழாமல் தட்டைத் தள்ளிவைத்தாள்.

அப்போதுதான் ஓரகத்தி கிளம்பினாள். போனில் வீடியோ பார்த்து, புது டின், புது சல்லடை எல்லாம் வாங்கிவந்து, அடுத்த வீட்டில் குளூட்டன் இல்லாத கேக் செய்யத் தொடங்கினாள். முதல் கேக் பாளம் பாளமாக வெடித்தது. இரண்டாவது கையில் எடுத்ததும் மணலாக உதிர்ந்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டு, “பரவால்ல, அடுத்த தடவை வந்துரும்” என்று ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கற்றுத் தேர்ந்த எனக்கே வராதது இவளுக்கு எப்படி வரும்? ஆனால் அவள் விடவில்லை. பச்சரிசி மாவைப் பாலில் கரைத்து அரைமணி நேரம் ஊறவிட்டால் நறநறப்பு போகிறது என்று கண்டுபிடித்தாள். உதிராமல் பிடித்துக்கொள்ள நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவைச் சேர்த்தாள். அதுவும் போதவில்லை என்று, மாமனார் மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோலில் ஒரு கரண்டியைப் போட்டாள். வெள்ளைக்கருவைத் தனியாக எடுத்து, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும் வரை அடித்தாள். முட்டைக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒருநாள் கேக் எழும்பிவிட்டது. அன்றைக்கு என் மகள் புறக்கடை வழியாக ஓடிவந்து, வாய் நிறைய கேக்கோடு, “அம்மா, சித்தி கேக்கு பஞ்சாட்டம் இருக்குதும்மா!” என்றாள். மாமனார் தன் இசப்கோல் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் பள்ளி விட்டு வந்தால் பையைத் திண்டில் போட்டுவிட்டு, “சித்தி ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்” என்று போய்விடுவாள். பூவன் பழம் பிசைந்து போட்ட மஃபின், சோளமாவில் நாட்டுச் சர்க்கரை சேர்த்த குக்கி என்று அங்கே தினம் ஒன்று காத்திருக்கும். மைதா தப்பித் தவறிக்கூடப் படக் கூடாது என்று, மகளுக்குப் பயன்படுகிற பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஓரகத்தி சிவப்புப் பொட்டு வைத்தாள். டின், சல்லடை, முட்டை அடிக்கும் கம்பி, கரண்டி எல்லாவற்றுக்கும் வைத்தாள். என் வீட்டுக்கும் வந்து மகளின் தட்டுக்கும் டம்ளருக்கும் வைத்தாள். “பொட்டு வெச்சது பாப்பாது” என்பது இரண்டு வீட்டிலும் சட்டமாகிவிட்டது. என் வீட்டில், என் பிள்ளையின் தட்டில், அவளுடைய நெயில் பாலிஷ். சப்பாத்தி இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்கிற கொழுந்தனாரைக்கூட ராகிக்களிக்கு மாற்றி, தன் சமையலறையில் கோதுமையே இல்லாமல் செய்துவிட்டாள். மகள் உயரமானாள், கன்னத்தில் சதை வைத்தது. பார்க்கிறவர்கள், “சித்தி கைராசி” என்றார்கள். பெற்றவள் நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். மகள் தேறியதில் சந்தோஷம்தான். ஆனால் அந்த உயரத்தில் ஒரு அங்குலமாவது என் கேக்கால் வந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஒன்பதாவது பிறந்தநாள் வந்தது. என்ன கேக் வேண்டும் என்று கேட்டேன். “சித்தி பண்றதையே வெட்டிக்கறேன்மா” என்றாள், யோசிக்காமல். தெருவில் எல்லாப் பிள்ளைகளின் மெழுகுவத்தியும் என் கேக்கில் எரிந்திருக்கிறது. என் பிள்ளையின் மெழுகுவத்தி மட்டும் அவள் கேக்கில் எரிய வேண்டுமா? முடியாது என்று தீர்மானித்தேன். ஆர்டர்களை நிறுத்தி, மைதா டிரம்மைப் பட்டறைக்கு அனுப்பி, சமையலறையை மேலிருந்து கீழாகக் கழுவினேன். ஓரகத்தியிடம் பொட்டு வைத்த டின்னைக் கேட்டேன். ஒரு கணம் தயங்கித்தான் கொடுத்தாள். “நான் வேணா கூட இருக்கட்டுமாக்கா?” என்றாள். “நானே பாத்துக்கறேன்” என்றேன். அரிசி மாவு, கிழங்கு மாவு, இசப்கோல், பாலில் ஊறல் எல்லாம் அவள் முறைதான். மேலே போட்ட கிரீமும் பூவும் மட்டும் என் கை வண்ணம். கேக் எழும்பி வந்த அழகைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் மகள் வெட்டினாள். இரண்டு துண்டு தின்றாள். ஓரகத்தி செய்து வைத்திருந்த மஃபினும் ஒன்று தின்றாள்.

மறுநாள் காலையில் எழுந்ததும் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். வீடே கூடிவிட்டது. மாமியார் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “என்னத்தச் சாமி தின்ன? யாரு என்னத்தக் குடுத்தீங்க புள்ளைக்கு?” என்று எங்கள் இருவரையும் பார்த்தார். தொட்டியருகில் கழுவப்படாமல் கிடந்த டின்னை ஓரகத்தி எடுத்தாள். உள்விளிம்பைச் சுண்டுவிரலால் தடவினாள். வெள்ளையாக, வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. அரிசி மாவு அப்படி வழவழக்காது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கேக் ஊற்றுவதற்கு முன்னால் டின்னுக்கு வெண்ணெய் தடவி மைதா தூவுவது பாலபாடம். டிரம்மை அனுப்பினேன், தரையைக் கழுவினேன். ஆனால் அடுப்பு மேடை மூலையில், மூடியில் ஓட்டை போட்ட தூவுகிற டப்பா அப்படியே இருந்திருக்கிறது. ஆயிரம் முறை தூவிய கை, என்னைக் கேட்காமலே எடுத்துத் தூவியிருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி, “என் மஃபின்லதான் அத்தை” என்றாள். “அரிசிய மில்லுல குடுத்து அரைச்சேன். எனக்கு முன்னாடி யாராச்சும் கோதுமை ஓட்டியிருப்பாங்க. நான் பாத்திருக்கணும்.” மாமியார் அவளைப் பிடித்துக்கொண்டார். “ஏம்புள்ள, ஊட்டுலயே அரைக்காம மில்லுக்கு எதுக்குப் போன?” அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. என் பிள்ளைக்கு ஊட்டுவதை எடுத்துக்கொண்டாள், கைராசிப் பெயரை எடுத்துக்கொண்டாள், இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு நல்லவளாகி நிற்கிறாள். அதையாவது அவளுக்கு விடக் கூடாது என்று, “இல்லீங்கத்தை, நாந்தான். டின்னுல மைதா தூவுனது நாந்தான்” என்று சத்தமாகவே சொன்னேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சின்னவளத் திட்டுனா பெரியவளுக்குப் பொறுக்காது. நீ கேக்குக்காரி, டின்னுல மைதாவப் போடுவியாக்கும்? எம்பட மருமவளுக ரெண்டும் இப்பிடித்தான், ஒருத்திய ஒருத்தி உட்டுக்குடுக்க மாட்டாளுக” என்று பெருமையோடு சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் எங்கள் உறவில் ஒற்றுமையான ஓரகத்திகள் என்றால் எங்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

அன்று மத்தியானம் மகளுக்கு வயிறு கொஞ்சம் அடங்கியது. கஞ்சி கொடுக்க நானும் ஓரகத்தியும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். மகள் கண்ணை முழுக்கத் திறக்காமலே, “அம்மா, நேத்து கேக்கு மிச்சம் இருக்குதா? நல்லாருந்துச்சும்மா. சித்தி கேக்க விட நல்லாருந்துச்சு” என்றாள். ஓரகத்தியின் முகம் சட்டென்று சுருங்கி, உடனே சரியானது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். இரண்டு வருடமாகக் கண்ணாடியில் தினம் பார்த்த முகம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. ஏன் சிரிக்கிறோம் என்று மகள் கேட்க, நான் ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து அவள் வாயில் வைத்தேன்.

பிறகு நானும் மைதாவை விட்டேன். ஓரகத்தியால் முடிந்தது என்னால் முடியாதா என்ற ரோஷம்தான் காரணம், தியாகமெல்லாம் இல்லை. பழைய ஆர்டர்கள் நின்றுபோயின. கோதுமை ஆகாத பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராகத் தேடி வந்தார்கள். கொழுந்தனார் தனியாகப் பட்டறை போட்டு, சேலத்துப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிபோனார். வண்டியில் சாமான் ஏற்றுகிற அவசரத்தில் கீழே விழுந்து டின்னின் ஒரு பக்கம் நசுங்கியது. ஓரகத்தி அதை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தாள். “பாப்பாதுக்கா, இங்கயே இருக்கட்டும்” என்றாள். பாப்பா யாருடையவள் என்று அன்றைக்குக்கூட எனக்குக் கேட்கத் தோன்றியது.

போன வாரம் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தாள். இப்போது என்னைவிட உயரம். அந்த டின்னிலேயே கேக் செய்தேன். ஊறவைத்து, அடித்து, அரிசி மாவு தூவி, எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு வாய் தின்றாள், கண்ணை மூடினாள். “அம்மா! அப்படியே சித்தி கேக்காட்டமே இருக்குதும்மா” என்றாள். இதற்கு மேல் ஒரு பாராட்டு அவளிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அவள் போய்ப் படுத்த பிறகு டின்னைக் கழுவினேன். பொட்டு இன்னும் கொஞ்சம் அழிந்திருந்தது. மைதாவே நுழையாத சமையலறையில் பொட்டுக்கு வேலையே இல்லை. விட்டுவிட்டால் இன்னும் நாலு முறை தேய்ப்பதற்குள் தானே போய்விடும். மகளின் பையைத் துழாவினேன். நல்ல சிவப்பில் ஒரு நெயில் பாலிஷ் இருந்தது. டின்னைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஓரகத்தி வைத்த பொட்டின் மேலேயே வைத்தேன். அவள் வைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக.