தட்டோரத்துப் பஞ்சு

நான் வாயைத் திறந்ததும் பல் டாக்டரம்மா மாஸ்க்குக்குள்ளேயே முகத்தைச் சுளித்தார். அழுகலும் கிராம்புத் தைலமும் கலந்த இந்த நாற்றம் என் அப்பாவுடையது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சொத்தைப் பல்லில் தைலப் பஞ்சைத் திணித்துக்கொண்டு, "இங்க எவன்கிட்டயும் வாயக் காட்ட மாட்டேன். பாரீஸ் போறப்ப பாத்துக்கலாம்" என்பார். சாப்பிட உட்கார்ந்ததும் சீழ் ஊறிய அந்தப் பஞ்சைப் பிடுங்கி என் தட்டோரத்தில் வைப்பார். ஒருநாள் அவர் கன்னம் வீங்கி உடைந்து, சீழ் மீன் குழம்பில் சொட்டியது. பாரீஸுக்கு அவர் போகவே இல்லை.

"எலும்பு வரைக்கும் அரிச்சிடுச்சு. ஏன் சார் இத்தன வருஷம் உட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பொண்ணு பாரீஸ்ல இருக்கா. அங்க போறப்ப பாத்துக்கலாம்னு..." என்றேன். அவர் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.