ஜிம்மியின் நேர்முகத் தேர்வு

எங்கள் நாய் ஜிம்மிக்குக் கனடா விசா எடுப்பதற்காக நான் ஐந்து மாதம் பாடுபட்டிருக்கிறேன். இதைச் சொன்னால் இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா எதைச் சொன்னாலும் அது அரசாங்க அறிவித்தல் என்று நம்பிய வயது.

கொடிகாமத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் வீடு. அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, இவ்வளவு பேர்தான். அப்பா எனக்கு மூன்று வயதில் கனடாவுக்குப் போனவர். தினமும் பின்னேரம் தொலைபேசியில் வருவார். சின்னத் திரையில் அவருடைய நெற்றியும் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் தெரியும். "சாப்பிட்டியோ? படிச்சியோ?" என்று கேட்பார். நான் இரண்டு தரம் "ஓம்" சொல்வேன். அதற்கு மேல் அவருக்குக் கேட்கவும் தெரியாது, எனக்குச் சொல்லவும் தெரியாது. போனை அம்மாவிடம் நீட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவேன்.

எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள் இருந்தன. அவற்றில் நாலு பூட்டிக் கிடந்தன. சொந்தக்காரர்கள் லண்டனிலும் பிரான்சிலும் இருந்தார்கள். மிச்ச வீடுகளில் என் வயதில் ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா குசினியில் இருப்பார், மாமா சந்தைக்குப் போயிருப்பார். நான் பேசாமலே ஒரு பின்னேரம் முழுவதும் கழிந்துவிடும்.

அதனால்தான் ஜிம்மி. மாமா லாண்ட்மாஸ்ரர் வைத்திருந்தார். பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம். அதில் தோட்டக்காரரின் மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றிப் போவார். ஒருநாள் வெறும் பெட்டியில் முட்டைக்கோவா இலைகளுக்கு நடுவே ஒரு குட்டியோடு வந்தார். "ஏறி வந்திட்டான், இறங்க மாட்டன் எண்டு நிக்கிறான்" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் நடந்ததை எல்லாம் நான் ஜிம்மிக்குத்தான் சொன்னேன். அவன் காதைத் தூக்கிக் கேட்பான். "சாப்பிட்டியோ, படிச்சியோ" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குணத்தில் அவன் தங்கம் என்று சொல்ல மாட்டேன். வந்தவர்களின் செருப்பை எடுத்துப்போய் வாழைக்குக் கீழே புதைப்பான். சாரம் கட்டியவரைக் கண்டால் வாலாட்டுவான். நீளக் காற்சட்டை போட்டவரைக் கண்டால் வாசல் படலையடியில் நின்று ஊரையே கூட்டுவான். தபால்காரர் எங்கள் வீட்டுக் கடிதங்களை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு ஓடுவார். அம்மாவையும் என்னையும் கனடாவுக்கு எடுக்க அப்பா போட்டிருந்த ஸ்பொன்சருக்கு வந்த கடிதமும் அப்படி எறியப்பட்டு வந்ததுதான்.

அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "நாங்கள் அப்பாவிட்டைப் போகப்போறம்" என்றார். "ஜிம்மி?" என்று கேட்டேன். அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் சாப்பிட மறுத்து விறாந்தைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமா சந்தையால் வந்து கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் குந்தினார்.

"நாய்க்கும் இன்ரவியூ இருக்கு, பிள்ளை. ஒழுங்கான நாயெண்டால் விசா குடுப்பினம். உவன் மாதிரிக் குழப்படிக்காரருக்குக் குடுக்க மாட்டினம்."

"பழக்கினால்?"

"பழக்கினால் யோசிப்பினம்" என்றார் மாமா, ஒரு அதிகாரியைப் போலவே.

நான் எழும்பிப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாளே பாடம் தொடங்கியது. மாமாதான் எம்பசி அதிகாரி. தன்னிடம் இருந்த ஒரே நீளக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு விறாந்தைக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருப்பார். நான் ஜிம்மியை அழைத்துவர வேண்டும். ஆங்கிலத்தில்தான் கேட்பார்களாம், ஆகவே "சிட்", "கம்", "ஸ்டே". ஜிம்மிக்கு வந்த அளவு ஆங்கிலம்தான் மாமாவுக்கும் தெரியும். முதல் கிழமை முழுவதும் அவன் மாமாவின் காற்சட்டையைப் பார்த்துக் குரைத்தான். மாமா கதிரையை விட்டு அசையவில்லை. "விண்ணப்பதாரர் ஆத்திரப்படுறார். நாளைக்கு வரட்டும்" என்று சொல்லி எழும்புவார்.

நெத்தலிக் கருவாடுதான் வழியைத் திறந்தது. ஒரு நெத்தலியை மூக்குக்கு மேலே பிடித்து "சிட்" என்றால் குந்தி இருந்தான். இன்னொன்றுக்கு முன்னங்காலைத் தூக்கிக் கைகொடுத்தான். செருப்பைத் தொடாமல் விட்டதற்கு இரண்டு. அம்மா கருவாட்டுப் போத்தல் குறைகிறதே என்று தேடினார். மாமா தனக்கு ஆசையாக இருந்தது என்று பழியை ஏற்றுக்கொண்டார்.

கடைசிப் பாடம்தான் கஷ்டம். நான் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த பிறகும் ஜிம்மி மாமாவோடு இருக்க வேண்டும். மாமாவின் கையால் சாப்பிட வேண்டும்.

"அது ஏன் மாமா?"

"பிளேனிலை நாயளை வேறை இடத்திலை விடுவினம். நீ பக்கத்திலை இருக்க மாட்டாய். ஆரெண்டாலும் குடுத்தால் தின்னப் பழக வேணும்."

நான் கிணற்றடிக்குப் பின்னால் போய் ஒளிப்பேன். ஜிம்மி ஊளையிட்டுக்கொண்டு ஓடிவந்து என்னைக் கண்டுபிடிப்பான். மாமா கோபிக்க மாட்டார். "திரும்ப" என்பார். நாள்தோறும் சந்தையால் வந்த களைப்போடு, அந்தக் காற்சட்டையோடு, "கம் ஜிம்மி, கம்" என்று அவர் கெஞ்சுவது கிணற்றடிக்குக் கேட்கும். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் நான் ஒளித்தேன், ஜிம்மி வரவில்லை. எட்டிப் பார்த்தால் மாமாவின் காலடியில் தலையை வைத்துப் படுத்திருந்தான். மாமாவின் கை அவன் கழுத்தில் இருந்தது. பாடம் தேறியதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அழுகை வந்தது.

ஐந்தாம் மாதத்தில் கந்தசஷ்டி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் விரதம் என்றால் ஆறு நாளும் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் படலைக்குள் வராது. அம்மா வீட்டைக் கழுவி, மச்சச் சட்டிகளைக் கொட்டிலில் கொண்டுபோய்க் கவிழ்த்து, கருவாட்டுப் போத்தலையும் அங்கே வைத்துப் பூட்டிவிட்டார். விசாவுக்காக அந்த முறை பாலும் பழமும் மட்டும் என்று நேர்ந்திருந்தார். ஜிம்மிக்கும் சைவம்தான்: பருப்பும் சோறும்.

கொழும்பில் இன்ரவியூவுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. இரண்டாம் நாள் அவித்த மரவள்ளித் துண்டைக் காட்டி "சிட்" என்றேன். ஜிம்மி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலிப்பக்கம் போய்விட்டான். மூன்றாம் நாள் ஒரு செருப்பைக் காணவில்லை. ஆறு நாளில் ஐந்து மாதப் படிப்பும் பாழாகப் போகிறது என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அவசரத்துக்கு உதவும் என்று விரதத்துக்கு முதல்நாளே ஒரு பிடி நெத்தலியைக் கடதாசியில் சுற்றி எடுத்து வைத்திருந்தேன். ஒருவரும் தொடாத இடமாகப் பார்த்து வைத்தேன் என்பதுதான் என் கெட்டித்தனம்.

அம்மா விசாக் கடிதங்களை எல்லாம் ஒரு நீல ஃபைலில் போட்டுச் சாமி அறையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். கொழும்புக்குப் புறப்படும்வரை அதை ஒருவரும் தொடக்கூடாது. என் நெத்தலிப் பொட்டலம் அந்த ஃபைலுக்குப் பின்னால் இருந்தது. ஃபைலுக்குள்ளே, கடிதங்களோடு கடிதமாக, நான் எழுதிய ஜிம்மியின் விண்ணப்பமும் இருந்தது. கொப்பித் தாள் கிழித்து, பெயர், வயது, தொழில், குடும்பம் என்று அம்மாவின் படிவத்தைப் பார்த்து எழுதியது. கீழே ஜிம்மியின் கால் அடையாளம், பேனை மையில்.

ஆறாம் நாள், சூரன்போர் அன்று காலை அம்மா தோய்ந்த தலையோடு கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தார். நானும் மாமாவும் வாசலில் கைகூப்பி நின்றோம். எங்கள் கால்களுக்கு இடையால் ஜிம்மி உள்ளே போனான். நாய் நுழையாத அறை அது. அம்மா திரும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழும் சத்தம் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தால், ஜிம்மி முருகனுக்கு முன்னால் நேராக இருந்து, வலது காலைத் தூக்கி, ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு திறமாக அவன் ஒருநாளும் செய்ததில்லை. அம்மாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது.

"தம்பி, பார் தம்பி. வாயில்லாச் சீவன் எங்களுக்காகக் கும்பிடுது. விசா வந்த மாதிரித்தான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "ஓம் அக்கா" என்றார் மாமா, மிகுந்த பணிவோடு. ஐந்து நாள் பட்டினியில் அம்மாவுக்கு மணம் பிடிபடவில்லைப்போலும். பூப் பறிக்க அவர் வெளியே போனதும் மாமா ஃபைலைத் தூக்கினார். பொட்டலத்தைச் சாரத்து மடிப்பில் செருகினார். ஃபைலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த கொப்பித் தாளையும் உருவினார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பிறகு முதலிலிருந்து இன்னொருதரம் வாசித்தார்.

"வடிவாய் எழுதியிருக்கிறாய்" என்றார்.

"எம்பசியிலை குடுப்பீங்களோ?"

"ஓம் பிள்ளை. நாயை அங்கை கொண்டுபோகத் தேவையில்லை, அவன் செய்யிறதை எழுதி இதோடை நான் தபாலிலை அனுப்பிவிடுறன்." தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். ஜிம்மி நெத்தலி மணத்தைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனான்.

கொழும்புக்கு அம்மாவும் நானும் போய்வந்தோம். இரண்டு மாதத்தில் விசா வந்தது. இரண்டு பேருக்கு. மூன்றாவது கடிதம் பின்னால் வரும் என்று நான் தபால்காரரைப் பார்த்துப் படலையில் நின்றேன். நாலாம் நாள் மாமா என்னிடம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜிம்மி நல்லாய்த்தான் செய்தவன், ஆனால் வீட்டுக்குக் காவல் வேணுமாம், அவன் இங்கேயே நிற்கட்டாம் என்று எழுதியிருக்கிறார்கள் என்றார். கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். அவரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

"நீங்கள் பொய்க்காரன்" என்றேன். அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. புறப்படுவதற்குப் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் மாமா எனக்கு வாங்கிவந்த இனிப்புகளை நான் அவர் கண்ணுக்கு முன்னாலேயே ஜிம்மிக்குப் போட்டேன். பின்னேரங்களில் அவர் தானாகவே காற்சட்டையை மாட்டிக்கொண்டு கதிரையில் போய் இருந்தார். நான் போகவில்லை. ஜிம்மி போனான்.

புறப்பட்ட காலையில் வான் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. அம்மா மாமாவின் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதார். நான் ஜிம்மியைக் கட்டிப்பிடித்து அழுதேன். "பயப்படாதை. தனிய விடமாட்டினம். மாமா உன்னோடை இருப்பார்" என்று அவன் காதுக்குள் சொன்னேன். "ஸ்டே" என்றேன். அவன் படலையடியில் அசையாமல் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் மாமா நின்றார். வான் திரும்பும்வரை நான் கைகாட்டினேன், ஜிம்மிக்கு மட்டும்.

ஜிம்மி கிழண்டு செத்து நாலு வருஷமாகிறது. மாமா கலியாணம் செய்யவில்லை. அக்காவையும் பிள்ளையையும் தனிய விட்டிட்டு எப்படி என்று சொல்லிப் பேசிவந்த இடங்களை எல்லாம் அந்த ஆறு வருஷமும் தட்டிவிட்டாராம். பிறகு ஒருவரும் பேசி வரவில்லை. அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். இப்போது எங்கள் ஒழுங்கையில் ஆள் இருக்கிற வீடு அவருடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருவார். சின்னத் திரையில் நெற்றியும் பின்னால் விறாந்தைச் சுவரும் தெரியும். "சாப்பிட்டியோ பிள்ளை? வேலை எல்லாம் எப்பிடி?" என்பார். நான் "ஓம் மாமா, ஓம்" என்பேன். பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது.

போன வருஷம் அம்மா ஊருக்குப் போய்வந்தார். மாமாவின் அலுமாரியில், அடையாள அட்டை வைக்கிற இடத்தில், நாலாக மடித்த ஒரு கொப்பித் தாள் இருந்ததாம். உன்னுடைய சின்ன வயது எழுத்து என்று சொல்லிப் படம் எடுத்து வந்து காட்டினார். பெயர்: ஜிம்மி. தொழில்: காவல். குடும்பத்தில் உள்ளவர்கள்: அப்பா, அம்மா, நான், ஜிம்மி. மொத்தம் நாலு பேர்.

இந்தத் தாளைத்தான் மாமா அன்று ஜன்னலடியில் இரண்டுதரம் வாசித்தார். எழுத்துப்பிழை பார்க்கிறார் என்று நினைத்து, திருத்துவதற்கு நான் பேனையோடு பக்கத்தில் நின்றேன்.