பாப்பம்மா வாயில் வந்த என் மகனின் பேச்சு

பேய், பிசாசு, சாமியாட்டம் இதில் எதையும் நான் நம்பினவள் இல்லை. இருட்டோடு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாக ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போனவள் நான். பேய் என்று ஒன்று இருந்திருந்தால் முதலில் என்னைத்தான் பார்த்திருக்கும், பார்த்திருந்தால் அதுதான் பயந்து ஓடியிருக்கும். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதற்காகவாவது கேளுங்கள். கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள், ஆனால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். நடந்தது ராத்திரிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்டையைப் பிளக்கிற வெயில், தோட்டத்துச் சனம் மொத்தமும் சுற்றி நின்று பார்த்தது.

முதலில் என் மகன் சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பேசுவதற்கென்றே பிறந்தவன். மற்ற பிள்ளைகள் நடக்கப் பழகின வயதில் இவன் வழக்குப் பேசினான். எங்கள் தோட்டம் புக்கிட் ரோத்தான் டவுனிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது, பாதி பால் மரம், பாதி புதிதாக நட்ட செம்பனை. அங்கே இருந்துகொண்டே இவன் எங்கேயோ வீடியோ கேசட்டில் பார்த்துவிட்டு வந்து, லயத்து வாசலில் பால் டின் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் தலைகீழாக நின்று பம்பரம் மாதிரி சுற்றுவான். முதல் நாள் அதைப் பார்த்த பக்கத்து வீட்டு சரோஜா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அக்கா, ஓடியாங்க! சேகருக்கு இழுப்பு வந்திருச்சு!"

நான் போவதற்குள் அவள் தன் இடுப்புச் சாவிக்கொத்தை உருவி இவன் கையில் திணித்துவிட்டாள், இன்னொருத்தி காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா! இழுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல லா, டான்ஸு!"

"இந்த நெலமையிலயும் பேசுறான் பாருங்க. புள்ள பொழச்சுக்குவான்" என்றாள் சரோஜா.

பிழைத்துக்கொண்டான். கோலாலம்பூர் போய் ஒரு ரேடியோ நிலையத்தில் இசைத்தட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். எந்த ரேடியோ என்று சொல்ல மாட்டேன், அது வேண்டாம். ஒரு நாள் பேச வேண்டியவர் வரவில்லை, இவனை உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த நாற்காலியைவிட்டு இவன் எழுந்திருக்கவே இல்லை. ஞாயிறு மத்தியானம் இளைஞர் நிகழ்ச்சி இவனுடையது என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் கறுப்பர் பிள்ளைகள் மேளத்தை அடித்துக்கொண்டு பேச்சையே பாட்டாக ஓட்டுவார்களாம், ஹிப் ஹாப் என்று அதற்குப் பெயர், அந்தப் பேச்சுக்கு ராப் என்று பெயர். அந்தத் தட்டுகளைப் போட்டுவிட்டு நடுநடுவே இவனும் தமிழில் அதே ஓட்டத்தில் பேசுவான். எங்கள் வீட்டுக்காரர் முதல் தடவை கேட்டுவிட்டு, "ராப்பா? நம்ம ராப்பிச்சதான் இது. அவன் வாசல்ல நின்னு பாடுவான், இவன் ரேடியோவுல நின்னு பாடுறான்" என்றார். சொன்னாரே தவிர ஒரு ஞாயிறுகூட விட்டதில்லை.

தோட்டத்துப் பிள்ளை என்பதை இவன் மறைக்கவில்லை. "லயத்து சேகர் பேசுறேன், லயம் தப்பாது!" என்றுதான் தொடங்குவான். நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கும் லயம் என்று பேர், தாளத்துக்கும் லயம் என்று பேர். படித்தவர்கள்கூட அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். சுங்கை பஞ்சாங் ஊர் வரைக்கும் இவன் பேச்சைக் கேட்கிற சனம் இருந்தது. தோட்டத்துச் சனத்தைக் கண்டால் நிற்காமல் போகிற பஸ், பெண் பார்க்க வந்து மோட்டார் சைக்கிள் கேட்கிற மாப்பிள்ளை, யாரையும் விட மாட்டான். நாங்களும் சிரித்தோம். ஒரு நாள் எங்கள் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டான்.

"எங்க லயத்துல பைப்பத் தொறந்தா தேத்தண்ணியே வருது, சீனி மட்டும் நாம போட்டுக்கிட்டா போதும்!"

பொய்யில்லை. செந்நிறத் தண்ணீர், துரு வாடை, வெள்ளைத் துணியில் வடிகட்டினால் துணி சிவந்துவிடும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வராத மாதம் கிடையாது. லயம் முழுக்கச் சிரித்தது, தொரை சிரிக்கவில்லை. மறுநாளே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி சப்பாத்துக் காலோடு என் வாசலில் வந்து நின்று, "இந்தாம்மா, ஒம்மகன் வாயி ரொம்ப நீளம். கொஞ்சம் சுருட்டி வைக்கச் சொல்லு" என்றார். ரேடியோவுக்கும் புகார் போயிற்று. அங்கே இருந்த பெரியவர் சேகரைக் கூப்பிட்டு, அடுத்த ஞாயிறு அதே மைக்கில் மன்னிப்புக் கேள், அந்தத் தண்ணீர் கதை பொய் என்று சொல், இல்லாவிட்டால் அதுதான் உனக்குக் கடைசி என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் நடுவில் சேகர் வீட்டுக்கு வந்தான். பேசாமல் உட்கார்ந்திருந்தான். அது எனக்குப் புதிது.

"மன்னிப்புன்னு ஒரு வார்த்ததானேடா. சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும்?" என்றேன்.

"பொய்யின்னு சொல்லச் சொல்றாங்கம்மா."

"சொல்லேன். நல்ல தண்ணின்னு சொல்லிட்டுப் போயேன். குடிக்கிற எங்களுக்குத் தெரியாதா அது என்ன தண்ணின்னு?"

அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். நான் சொன்னதில் தப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் இரண்டு பக்கத்து வம்சத்திலும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவன் இவன் ஒருத்தன்தான். அந்த நாற்காலி போய்விடக் கூடாது என்று பெற்றவள் நினைக்காமல் வேறு யார் நினைப்பார்கள்?

அந்த ஞாயிறுதான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும். வீட்டுக்காரருக்குச் செம்பனை முள் குத்திக் கால் வீங்கியிருந்தது, அவர் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டார். எனக்கு அதன் முன்னால் உட்கார்ந்து கேட்கத் தைரியம் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டேன். நம்பாதவள்தான், இருந்தாலும் அன்றைக்குக் கையைக் கூப்பி ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆத்தா, அவன் வாயக் கட்டு."

உறுமி மேளம் ஏறிக்கொண்டிருந்தது. பூசாரி வேப்பிலையும் கையுமாகக் கண்ணை மூடி நின்றார், வருசா வருசம் அவருக்குத்தான் சாமி வரும். சனமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. வரவில்லை. பின்பக்கம் கூழ் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த பாப்பம்மா எழுந்து வந்தாள்.

பாப்பம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற வேலை பார்த்தவள், என்னைவிட மூத்தவள். காது கேட்காமல் போய்ப் பல வருசம் ஆகியிருந்தது, பக்கத்தில் வெடி போட்டால் "யாரு தும்முனது?" என்று கேட்பாள். அவள் வீட்டு ரேடியோ வெற்றிலைப் பெட்டியை மேலே வைப்பதற்குத்தான் பயன்பட்டது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். சாமி அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

கை முழுக்க அடுப்புக் கரி, சேலையெல்லாம் ஈரம். உறுமிக்காரர்கள் முன்னால் வந்து நின்றவள் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள், பேச ஆரம்பித்தாள். குரல் அவளுடையதுதான், அந்த உடைந்த குரல். ஓட்டம் அவளுடையது இல்லை.

"லயத்து சேகர் பேசுறேன், லயம் தப்பாது! மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க, கேக்குறேன், கேட்டுக்குங்க. மண்ணுத் தண்ணி குடிச்ச வயித்துக்கிட்ட கேக்குறேன். துணிய வச்சு வடிகட்டுன எங்கம்மா கைகிட்ட கேக்குறேன். படுத்துக் கெடந்த புள்ளைங்ககிட்ட கேக்குறேன். தொரை வீட்டுப் பூச்செடிக்குத் தெளிஞ்ச தண்ணி ஊத்துறாங்களே, அந்தப் பூச்செடிகிட்டயும் கேக்குறேன். இத்தன வருசம் வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு..."

நம்பினால் நம்புங்கள், உறுமிக்காரர்கள் தங்களை அறியாமலே அந்தப் பேச்சுக்குத் தாளம் மாற்றினார்கள். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நம்ம சேகரு மாதிரியே பேசுது பாருங்கக்கா" என்றாள். எனக்குத் தெரியாதா? மூச்சு விடுகிற இடம்கூட அவனுடையது.

"மூடிக்கிட்டு இருந்ததுக்கு" என்று சொன்ன இடத்தில் பாப்பம்மா சட்டென்று நின்றாள். உறுமியும் நின்றது. பிறகு நேராக என்னிடம் நடந்து வந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "அம்மா கோவப்படும். படட்டும். தொண்ட காயுது. அது கையால அந்தத் தண்ணியே ஒரு செம்பு கெடச்சா போதும்" என்றாள்.

சாமி வந்தால் மகளே என்று கூப்பிடும். இது எந்த அம்மாவைச் சொல்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. தண்ணீர் கேட்கிறாள் என்பது மட்டும் விளங்கியது. பைப்பில் ஒரு செம்பு பிடித்து நானே கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள், அப்படியே பந்தல் காலில் சாய்ந்து தூங்கிப் போனாள். எழுந்தபோது அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. எல்லாரும் முறைத்துப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னடி, அண்டாவப் பாதியில போட்டுட்டேன், அதுக்கா இப்புடிப் பாக்குறீங்க?" என்று கோபித்துக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்காரர் வீங்கின காலோடு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அடியே, ஒம்மகன் மன்னிப்புக் கேட்டுட்டான்டி!"

"கேட்டுட்டானா?" என் உயிர் திரும்பி வந்தது.

"கேட்டான். யாருகிட்டன்னு கேளு. மண்ணுத் தண்ணி குடிச்ச வயித்துக்கிட்ட..."

"துணிய வச்சு வடிகட்டுன எங்கம்மா கைகிட்ட" என்றேன் நான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எங்கேருந்து கேட்ட?"

பூச்செடி வரைக்கும் நானே சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. "அதுக்கு மேல என்னா சொன்னான்?" என்று கேட்டேன்.

"அதுக்கு மேல என்னா? வாய மூடிக்கிட்டு இருந்ததுக்குன்னான், படக்குன்னு நிறுத்திட்டு எவனோ பழைய பாட்டு ஒண்ணப் போட்டுட்டான்."

கோயிலில் நடந்ததைச் சொன்னேன். வீங்கின காலைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார், "நீ அவன் வாயக் கட்டச் சொன்ன, ஆத்தா காது கேக்காதவ வாயத் தொறந்து விட்டுட்டா. ஒன் வேண்டுதல் லட்சணம்."

மறுநாள் சேகர் பையும் கையுமாக வந்து இறங்கினான். "வேலை போச்சும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். திட்டத்தான் வாயெடுத்தேன், வந்தது பாப்பம்மா கதைதான். அவனும் சிரித்துக்கொண்டே கேட்டான், "என் பேச்சு அந்தக்காவோட கேக்காத காதுலயும் ஏறிருச்சு பாரும்மா" என்றான். கடைசியில் அவள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னேன்.

"அவங்க மைக்க அணைச்சப்புறம் நான் வாயே தொறக்கலம்மா. அந்தக் கண்ணாடி ரூமுல ஒத்த ஆளா ஒக்காந்திருந்தேன். அந்தக்கா கடைசியா சொன்னது நான் மனசுல நெனச்சது."

அவனே மறுபடி கேட்டான். "நீ அந்தக்காவுக்குத் தண்ணி குடுத்தியா?"

"குடுத்தேன்."

"குளுகுளுன்னு ஏர்கான் ரூமும்மா, குடிக்க ஒண்ணும் கெடையாது. தொண்ட ஒட்டிப் போச்சு. கொஞ்ச நேரத்துல தானா நனைஞ்சுச்சு. வாயெல்லாம் துரு வாசம். நம்ம பைப்புத் தண்ணி வாசம்."

அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவன் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. கல்யாண வீடுகளில் மைக் பிடித்தான், சொந்தமாகக் கேசட் போட்டு விற்றான், கொஞ்ச நாள் லோரிகூட ஓட்டினான், பிறகு வேறொரு ரேடியோ அவனைத் தேடி வந்து கூட்டிப் போனது. லயத்துக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு நாள் வந்தது. அவனால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், சனம் சொல்லும்போது மறுக்கவும் மாட்டேன். பாப்பம்மா கடைசிவரை நல்லபடியாக இருந்து போய்ச் சேர்ந்தாள். எனக்குக் குறை என்று ஒன்றும் இல்லை. தலை வழுக்கை விழுந்தும் என் மகன் அதே வேகத்தில் பேசுகிறான், யாரைப் பற்றிப் பேசினாலும் நான் இப்போது பயப்படுவதில்லை.

ஆனால் சில நாள் வீட்டுக்கு வருவான், சாப்பிட்டுவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பான். அப்போதுதான் எனக்குப் பயம் வரும். இவன் இப்போது உள்ளுக்குள் நினைப்பது எந்த ஊரில், எவள் வாயில் வந்துகொண்டிருக்கிறதோ, அவள் கேட்டால் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறதோ இல்லையோ.