பெருமாள் கொடுத்த இட்லி

அன்னம்மாளும் மகன் சாமுவேலும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு ரப்பர் குழாயை வெட்டியது. மயக்கத்தில் கிடக்கும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை ஒட்டிவிட்டு, தலைமாட்டில் நின்றபடியே மூச்சைக் கேட்க நீளக் குழாய் வேண்டும்.

"ரெண்டடி போதும்மா. நீளம் கூடினா சத்தம் கொறையும்," என்றான் பாலிடெக்னிக் படித்த சாமுவேல்.

"மூணடி வெட்டுப்பா. ஈதர் பாட்டில புடிச்சிக்கினு உன் படிப்பா குனியப் போவுது? நான்தானே குனியணும்."

மூன்றடி வெட்டினான்.

காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருஷம் மயக்கம் கொடுத்த நர்ஸ் அவள். அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு நாள் காலை, பக்கத்துத் தாமல் கிராமத்திலிருந்து அங்கம்மாள் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் மூச்சுக்குழலுக்குள் வேர்க்கடலை போயிருந்தது. நெஞ்சைக் கிழிக்காமல், வாய்வழியே குழாய் விட்டு எடுப்பதில் டாக்டர் திருஞானசம்பந்தம் கெட்டிக்காரர். ஆனால் மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் பிள்ளை பிழைப்பது கஷ்டம். வயிறு காலியாக இருக்கவேண்டும்.

"ராத்திரிலேர்ந்து ஒரு பருக்கை சாப்பிடல சிஸ்டர், சாமி சத்தியமா," என்றாள் அங்கம்மாள்.

அன்னம்மாள் குனிந்தாள். பிள்ளையின் வாயில் மிளகும் சுக்கும் மணத்தன.

"இட்லி குடுத்தியா?"

"ஐயோ, இட்லி எங்க குடுத்தேன்? வரதராஜர் கோயில் பிரசாதம்தான் ஒரு துண்டு ஊட்டினேன்."

"அது இட்லிதானேம்மா!"

"பிரசாதத்தப் போயி இட்லின்றீங்களே சிஸ்டர்!"

"பெருமாள் குடுத்தாலும் வயித்துக்குள்ளதான் போவுது."

டாக்டர் எரிந்து விழுந்தார். "ஒரு துண்டு இட்லிக்காக என்னை நிறுத்தி வைக்கறீங்களா?"

"இட்லி இல்ல சார், பிரசாதம்," என்றாள் அன்னம்மாள்.

மயக்க மருந்தான ஈதரைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளைக்கு மூச்சு ஓரளவு சீராக இருந்ததால் காத்திருக்க முடிந்தது. ஆறு மணி நேரம் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

சாயங்காலம் கடலை வெளியே வந்தது. பிள்ளை வீறிட்டு அழுதது. டாக்டர் இடுக்கியை நீட்டினார்: "இதுவும் கோயில்ல குடுத்ததான்னு கேளுங்க."

அதன்பிறகு எந்தத் தாயிடமும் 'சாப்பிட்டுச்சா' என்று மட்டும் கேட்டு அவள் விட்டதில்லை. "எந்தக் கோயிலுக்குப் போனீங்க? சாமி என்ன குடுத்தாரு?" ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளுக்கு, எந்தக் கோயிலில் எத்தனை மணிக்குப் பொங்கல் என்பது அத்துப்படி.

"தர்மகர்த்தா வேலை காலியா இருக்குதாம்மா, மனு போடேன்," என்பான் சாமுவேல்.

ஆஸ்பத்திரிச் சுவரில் 'ஆபரேஷனுக்கு முன் சாப்பிடக் கூடாது' என்று ஒரு பலகை உண்டு. அதன் கீழே 'பிரசாதமும் கூடாது' என்று எழுத, பெயின்டர் முனுசாமியைப் பார்க்கவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன திங்கட்கிழமை கட்டாயம் போவதாக இருந்தாள். அதற்கு முந்தின சனிக்கிழமையே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள்.

பலகையில் இன்னும் ஒரு வரிதான் இருக்கிறது.