ரப்பர் ஒட்டிய அடித்தோல்

எடின்பரோவில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. எந்நேரமும் மழை தூறும் இந்த ஊரில், நல்ல ஷூ என்றால் அதன் அடியும் தோலாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தத் தோலோ நனைந்தால் ஊறும், ஈரக்கல்லில் வழுக்கும், கரடுமுரடான தெருவில் தேயும். ஆகவே ஷூவை நோயாளி மாதிரி கவனிக்கிறார்கள். ஒரு நாள் போட்டால் மறுநாள் அதற்கு ஓய்வு. நனைந்துவிட்டால் ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாமல், சாய்த்து வைத்து மெல்ல உலர்த்த வேண்டும். ஹோட்டலில் விருந்துக்கூடத்துப் பொறுப்பு எனக்கு வந்தபோது நானும் அப்படி ஒரு ஜோடி வாங்கினேன், கறுப்பு, கயிறு கட்டுவது. தம்பியின் கல்யாணத்துக்கும் அதையே போடுவதென்று முடிவு செய்தேன். பட்டுப்புடவைக்கு ஷூவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

ஆனால் எங்கள் ஊர் மலையில், கிளியூர்ச் சரிவில், தோல் அடி தாங்காது. செருப்பு தைக்கும் கடைக்குப் போய், அடியில் ரப்பர் ஒட்டித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார் கடைக்காரர். "ஃபார் த ஹில்" என்றேன். அவர் காதில் அது ஹீல் என்று விழுந்திருக்கிறது. மறுநாள் போனால் குதிகாலில் மட்டும் ரப்பர். முழு அடிக்கும் வேண்டும் என்றதும் முகம் சுளித்தார். தோல் மூச்சு விட வேண்டுமாம், மூடினால் ஷூ செத்துவிடுமாம். "எங்கள் மலையில் மூச்சு வாங்கப் போவது நான், ஒட்டுங்கள்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே அடித்தோலைச் சுரண்டி, விரல் முனையிலிருந்து வளைவு வரை மெல்லிய ரப்பரை ஒட்டி அழுத்தித் தந்தார்.

தம்பியின் வரவேற்பு, அம்மா இன்றும் காபி பறிக்கும் எஸ்டேட்டின் பங்களாவில். இப்போது அது ரிசார்ட். தம்பி சேலத்தில் வேலை பார்க்கிறான், அவன்தான் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தான். ஒண்டிக்கடை முக்கிலிருந்து ஜீப்பில் போய் இறங்கினோம். யாரும் சொல்வதற்கு முன்பே அம்மா படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டாள். அங்கே கூலிக்காரர்கள் செருப்போடு படி ஏறியதில்லை. படியேறினால், வாசலில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் நின்றிருந்தார். வேலைக்குப் பெயர் போடுவதும் கூலி வெட்டுவதும் அன்றும் இன்றும் அவர்தான்.

"கண்ணு, அதக் கீழயே உட்டுட்டு வா. பழைய தரை, கீறல் உளுந்துரும்."

மணப்பெண் வீட்டார் அவரைத் தாண்டி ஷூவோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, அவங்க நடந்தா கீறாதுங்களா?"

"அவங்க வேற, கண்ணு."

நான் புடவையைத் தூக்கி ஒரு காலை மடக்கி அடியைக் காட்டினேன். "ரப்பருங்க. உங்க தரைக்கு ஒண்ணும் ஆகாது. வேற காரணம் இருந்தாச் சொல்லுங்க, நானும் எல்லாரும் கேக்கறாப்புல பேசறனுங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "உட்டுரு சாமி. நாளைக்கும் நான் இவங்க தோட்டத்துலதான் நிக்கோணும்."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். ஆனால் மகன் கல்யாணத்தில் அம்மா வெறுங்காலோடு அந்தக் கூடத்துக்குள் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கீழே இறங்கி, அவள் செருப்பை எடுத்து வந்து அவள் காலருகே வைத்தேன்.

"போட்டுக்கம்மா. உம்பையன் எடுத்த ஊடு இது இன்னைக்கு."

அவள் ரைட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு காலை நுழைத்தாள். ரைட்டர் அரை அடி நகர்ந்து நின்றார். அந்த அரை அடி வழியாக நாங்கள் இருவரும் உள்ளே போனோம். முதல் வரிசையில் உட்கார்ந்து, முதல் பந்தியில் சாப்பிட்டோம்.

மறுநாள் அம்மா வழக்கம்போல் வேலைக்குப் போனாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "ரைட்டர் எம்மூஞ்சியவே பாக்கல" என்று அவள் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தாள். மதியம் லைன் வீட்டு வாசலில் ஷூவை நானாகவே கழற்றி வைத்துவிட்டு, உள்ளே பாயில் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி அந்த வழியே போனவள் நின்றாள்.

"ஏனுங்கக்கா, ஊட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களா? ஷூவெல்லாங் கெடக்குது."

"விருந்தாளியெல்லாம் இல்ல, எம்புள்ள" என்றாள் அம்மா. சற்று விட்டு, "நாளானிக்குப் போயிருவா" என்றாள்.